ஏழுகடல் கேரண்டிக்காரர்

"உடையவே உடையாது" என்று சொல்லி விற்கிறவர்கள் என்று மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்கள் என்ன, அவர்களிடம் வாங்கியும் இருப்பீர்கள். வாங்கியது இப்போது உங்கள் வீட்டுப் பரண்மேல் இரண்டு துண்டாகக் கிடக்கும். பிளாஸ்டிக் வாளியை நடுத்தெருவில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிக் குதித்துக் காட்டுகிறவர், குடையை விரித்து மடக்கி விரித்து மடக்கி, வராத புயலை வாடா என்று கூப்பிடுகிறவர், மூன்று கால் நாற்காலியில் தன் மைத்துனனை உட்காரவைத்துப் படம்பிடித்து விளம்பரம் போடுகிறவர், இவர்களெல்லாம் இந்த ரகத்தின் சில்லறை வியாபாரிகள். இவர்கள்மேல் நமக்குக் கோபம் கிடையாது. வாளி உடைந்தால் உங்களுக்குத் தெரியும். கால் நனையும். குடை உடைந்தால் தலை நனையும். கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிடும்.

மொத்த வியாபாரி என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவர் விற்கிற சரக்கு உடைந்தால் சத்தம் வராது. அதற்கு என்கிரிப்ஷன் என்று பெயர். குறியாக்கம் என்றும் சொல்வார்கள். நீங்கள் அனுப்புகிற செய்தியை நடுவழியில் எவனும் படிக்க முடியாதபடி குழப்பி அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி தெளியவைக்கிற வித்தை. அருமையான வித்தை, சந்தேகமில்லை. ஆனால் நடுவழியில் ஒருவன் அதைத் தெளியவைத்துப் படித்துவிட்டானா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? படித்தவன் வீடு தேடி வந்து, "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க, கடைசி பாராதான் கொஞ்சம் நீளம்" என்று சொல்லிவிட்டா போகப்போகிறான்?

நம்முடைய ஆள் அப்படி ஒரு மொத்த வியாபாரி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய வீட்டு வரி ரசீதில் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் கேரண்டிக்காரர்தான். முதலில் தண்ணீர்த் தொட்டி விற்றார். "ஆயுளுக்கும் விரிசல் விடாது" என்றார். யாருடைய ஆயுளுக்கு என்று சொல்லவில்லை. தொட்டியின் ஆயுளைத்தான் சொன்னார் என்பது அடுத்த கோடையில் தெரிந்தது. பிறகு இரும்புக் கதவு. "திருடன் வந்தாலும் கும்பிட்டுட்டுத் திரும்பிப் போயிடுவான்." ஒரு வீட்டில் திருடன் கதவைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போனான். இன்னொருவராக இருந்தால் தலைமறைவாகியிருப்பார். நம்மவர் நேரே அங்கே போய், இடிந்த சுவருக்குப் பக்கத்தில் கீறல் விழாமல் நின்ற கதவோடு சிரித்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்து அதையே விளம்பரமாகப் போட்டார்!

ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஏமாற்றுகிறவன் தான் சொல்வதைத் தானே நம்பமாட்டான். இவர் நம்புவார். காலையில் கண்ணாடி முன் தலைவாரும்போது ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார், மத்தியானத்துக்குள் நம்பிவிடுவார், சாயங்காலம் மற்றவர்கள் நம்பவில்லையே என்று மனம் நொந்துபோவார். அந்த நோவுக்கெல்லாம் அவர் வைத்திருந்த ஒரே மருந்து இரண்டு சொல்: "கவலையே வேண்டாம்." தொட்டி ஒழுகினாலும் கவலையே வேண்டாம். பஸ் தவறினாலும் கவலையே வேண்டாம். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் வாயைத் திறக்குமுன் இவர் டாக்டருக்கே சொன்னார், கவலையே வேண்டாம்.

ஒருநாள் செய்தித்தாளில், பெரிய மனிதர் ஒருவருடைய அந்தரங்கச் செய்திகள் வெளியே கசிந்து அவர் மானம் சந்தி சிரித்ததைப் படித்தார். படித்த வேகத்தில் எழுந்து நின்றார். இனிமேல் கதவுக்கு மரியாதை இல்லை, ரகசியத்துக்குத்தான் சந்தை என்று புரிந்துவிட்டது. அக்கா மகனைக் கூப்பிட்டார். அவன் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வம்புக்குப் போகாத ஆள்.

"மாமா, நான் பில் போடறதுக்கு எழுதறவன். என்கிரிப்ஷன் வேற சமாச்சாரம். அதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க."

"ஒரு எழுத்தை இன்னொரு எழுத்தா மாத்தத் தெரியுமா உனக்கு?"

"அது யாருக்கும் தெரியும்."

"அதை ஏழு தடவை மாத்து. முடிஞ்சுது. ஏழடுக்கு."

"ஏழு தடவை மாத்தினா மட்டும்..."

"மாப்ளே, கவலையே வேண்டாம்."

மருமகன் எழுதினான். மாமனுக்கு மறுப்புச் சொல்லி ஜெயித்தவர்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை. செயலிக்கு 'ஏழுகடல்' என்று பெயர் வைத்தார் நம்மவர். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் ஒரு கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர் என்று ஒரு கதை சொல்வார்களே, அதிலிருந்து எடுத்த பெயர். அந்தக் கதையில் கடைசியில் கிளி பிடிபட்டுவிடும் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. பாதிக் கதையிலேயே தூங்கிவிடுகிற பிள்ளையாக இருந்திருக்கிறார்.

விளம்பரத் தாள் தயாரானது. 'ராணுவத் தரம்' என்று ஒரு வரி. எந்த ராணுவம், ஜெயித்ததா தோற்றதா என்று யாரும் கேட்கவில்லை. 'உலகத்திலுள்ள கணினிகள் அத்தனையும் ஒன்றுகூடி முயன்றாலும் சூரியன் அணையும்வரை உடைக்க இயலாது' என்று இன்னொரு வரி. சூரியன் அணைந்த பிறகு செய்தியைப் படித்து எவன் என்ன செய்யப்போகிறான் என்ற தைரியம். அச்சுக்குப் போகுமுன் மருமகன் கெஞ்சிப் பார்த்தான்.

"மாமா, 'உடைக்க முடியாது'ன்னு போடாதீங்க. 'உடைக்கறது கஷ்டம்'னு போடுங்க. அதுவே அதிகம்."

"கஷ்டம்னு போட்டா எவன்டா வாங்குவான்? கல்யாணப் பத்திரிகையில 'அநேகமா சந்தோஷமா இருப்பாங்க'ன்னு போடுவியா?"

இதற்குப் பதில் வைத்திருந்தவர் வீட்டிலேயே இருந்தார். கேரண்டிக்காரரின் மனைவி கல்லூரியில் கணிதப் பேராசிரியை. மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அச்சில் போடத் தக்கதல்ல. நாம் புரொபசரம்மா என்போம். ஒரு விடைத்தாளில் தவறு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அவருடைய இடது புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறும். சாப்பாட்டு மேஜையில் விளம்பரத் தாளைப் படித்தபோது அது ஏறியது.

"எந்த முறையில எழுதியிருக்கு?"

"எங்க சொந்த முறை."

"வெளியாள் யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா?"

"வெளியில காட்டினா ரகசியம் போயிடுமே!"

"பூட்டு எப்படிச் செஞ்சிருக்குன்னு பார்த்தாலே திறந்துடலாம்னா அது பூட்டு இல்லைங்க, திரைச்சீலை. சாவியைத்தான் மறைக்கணும், பூட்டை இல்ல. உலகம் முழுக்க எல்லாருக்கும் தெரிஞ்ச முறைங்க இருக்கு. பெரிய பெரிய ஆளுங்க வருஷக்கணக்கா உடைக்கப் பார்த்துத் தோத்திருக்காங்க. அதுல ஒண்ணை எடுத்துக்கிட்டா என்ன?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதை நான் எப்படி விக்கறது?"

உண்மையில் இது நல்ல கேள்வி. இந்த ரகத்து வியாபாரம் மொத்தமும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஆனால் புரொபசரம்மா விடவில்லை. "சரி, இது எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. வெளியில சொல்லமாட்டேன்."

நம்மவர் வாயைத் திறந்தார். மூடினார். தண்ணீர் குடித்தார். பிறகு ஒரேயடியாகக் கோபப்பட்டார். நாள் முழுக்கப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுக் கேட்டு வீட்டிலும் அதே புத்தி என்றார், புருஷன் முன்னுக்கு வருவது பிடிக்கவில்லை என்றார், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. உப்பு வேண்டுமென்றாலும் மருமகனுக்குப் போன் போட்டு, "உங்க அத்தைகிட்டச் சொல்லுப்பா" என்கிற நிலை.

வீட்டில்தான் மௌனம். வெளியே ஏழுகடலுக்கு அமோக வரவேற்பு. மனநோய் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் வந்தார். மூன்று இடங்களில் மருத்துவமனை வைத்திருப்பவர். நோயாளிகள் சொன்னதையெல்லாம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பத்திரமாக அனுப்ப வேண்டும்.

"என்கிட்ட வர்றவங்க கட்டின புருஷன்கிட்டயும் பெத்த தாய்கிட்டயும் சொல்ல முடியாததைச் சொல்லிட்டுப் போறாங்க. அதுல ஒரு வரி வெளியில போனாலும் ஒரு குடும்பம் போயிடும். சில சமயம் ஒரு உயிரே போயிடும். இது நிஜமாவே பத்திரமா?"

"டாக்டரம்மா," என்று எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தார் நம்மவர், "கவலையே வேண்டாம்."

டாக்டரம்மாவின் தொழிலே மனிதர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, சொல்லாததைக் குறித்துக்கொள்வது. அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. "எல்லார் முன்னாடியும் ஒரு சோதனை வைங்க. யாரும் உடைக்கலைன்னா அங்கேயே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

சவாலா? கேரண்டிக்காரருக்கா? மண்டபம் பிடித்தார், மேடை போட்டார், மேடைக்குப் பின்னால் சுவர் அளவு திரை கட்டினார், அழைப்பிதழ் அடித்துத் தெருத்தெருவாக அனுப்பினார். தானே ஒரு திரைமறைவு அறைக்குள் போய் ஒரு செய்தியைத் தட்டுவார். அது ஏழு கடல் தாண்டிக் குழம்பிப்போய் எல்லோர் கண்முன்னும் திரையில் விழும். தேநீர் இடைவேளை முடிவதற்குள் அதைப் படித்துச் சொல்பவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் பரிசு. மடிக்கணினி கூடாது, கைப்பேசி கூடாது. பேனா கூடாது என்று போட மறந்துவிட்டார்.

ஒத்திகையில் ஒரு சங்கடம். குழம்பிய எழுத்தெல்லாம் இடைவெளியே இல்லாமல் ஒரே ரயில் மாதிரி நீண்டு திரைக்கு வெளியே ஓடியது. "பார்க்க நல்லா இல்ல மாப்ளே. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடு, முற்றுப்புள்ளியும் இருக்கட்டும். அழகா வரி வரியா நிக்கணும்."

"மாமா, இடைவெளி விட்டா எது சொல், எங்க முடியுதுன்னு..."

"படம் பிடிக்க வர்றாங்கடா!"

விட்டான்.

விழாவன்று மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் டாக்டரம்மா. அவருக்குப் பக்கத்து நாற்காலியில், மருமகன் காலில் விழாத குறையாகக் கூப்பிட்டு வந்திருந்த புரொபசரம்மா. நம்மவர் திரைமறைவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எதிரே விசைப்பலகை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, யாருமே படிக்க முடியாத ஒன்றை எழுதும் வாய்ப்பு. உங்களுக்குக் கிடைத்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? 'இன்று வெயில் அதிகம்' என்றா? அவருக்கும் ஏதோ ஒப்புக்கு எழுதத்தான் யோசனை. ஆனால் விரல் வைத்ததும் நெஞ்சில் பல நாளாக அடைத்துக் கிடந்தது தானாக வந்துவிட்டது. தட்டினார், தட்டினார், கண்கூடக் கலங்கியது. பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தபோது அவர் முகம் குளித்துவிட்டு வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

திரையில் வட்டமும் கொக்கியும் நட்சத்திரமுமாக வரி வரியாக நின்றது செய்தி. கூட்டம் "ஆ" என்றது. நம்மவர் மைக்கைப் பிடித்தார். "இந்த மண்டபத்துல இருக்கற மூளையெல்லாம் ஒண்ணா சேரட்டும்! ஒரு எழுத்து! ஒரே ஒரு எழுத்தைச் சொல்லுங்க பார்ப்போம்!"

மூளைகள் சேர்ந்தன. கண்ணாடி போட்ட ஒரு இளைஞர் கூட்டல் கழித்தல் போட்டுத் தலையைச் சொறிந்தார். குறுக்கெழுத்துப் புதிர் போடும் பெரியவர் ஒருவர் அது சுருக்கெழுத்து என்று அடித்துச் சொல்லிவிட்டுத் தேநீர் வாங்கப் போனார். ஒருவர் திரையைத் தலைகீழாகப் பார்க்கக் குனிந்து, நிமிர முடியாமல் பக்கத்து ஆளின் உதவியால் நிமிர்ந்தார். நம்மவர் மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மிதந்தார் என்றே சொல்ல வேண்டும்.

அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தார். மனைவியின் மடியில் அழைப்பிதழ் கவிழ்ந்து கிடந்தது. அதன் பின்பக்கத்தில் பேனா ஓடிக்கொண்டிருந்தது. ஓடி நின்றது.

இடது புருவம் மெல்ல மேலே ஏறியது.

என்ன நடந்தது என்றால் ஒன்றும் பிரமாதமில்லை. திரையில் ஒரே மாதிரியான இரண்டு சொற்கள் சேர்ந்தாற்போல் மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தன. முதல் சொல்லின் இரண்டாவது குறியும் கடைசிக் குறியும்தான் அடுத்த சொல்லின் முதலிரண்டு குறிகள். நாலு வாக்கியத்துக்கு ஒரு தடவை இந்த மனிதர் எந்த இரண்டு சொல்லைச் சொல்வார்? கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற காதுக்கு இதைக் கண்டுபிடிக்கக் கணிதம்கூட வேண்டாம். 'கவலையே வேண்டாம்.' வ-வுக்கு ஒரு குறி, அதன் ஏகாரக் கொம்புக்குத் தனியாக ஒரு குறி. அந்த எழுத்துகள் கிடைத்ததும் அவை வருகிற மற்ற இடங்களையெல்லாம் நிரப்பினார், நிரப்பியது அடுத்த சொல்லைக் காட்டிக்கொடுத்தது, அது அடுத்ததை. நூல் முனை கிடைத்த ஸ்வெட்டர் மாதிரி ஏழு கடலும் பிரிந்து மடியில் விழுந்தன.

முழுவதையும் படித்தார் புரொபசரம்மா. சிரிப்பு வந்தது. பாதியில் சிரிப்பு நின்றது. திரும்பி ஒருமுறை பக்கத்தில் இருந்த டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மாவின் கையில் திறந்த பேனா தயாராக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் புருஷனின் மானம் பிழைக்கும். யார் யாரோ அழுதுகொண்டே சொன்ன ரகசியங்கள் நாளை முதல் இந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கும். எழுந்தார். மேடைக்குப் போனார். பல நாள் கழித்துப் புருஷனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு, ஒலிபெருக்கியில், மண்டபம் முழுக்கக் கேட்டது.

"முழுசா படிக்கட்டுமா, இல்ல முதல் வரி போதுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நம்மவர் ஓரடி பின்னால் போனார். "மு... முதல் வரி போதும்."

"'டாக்டரம்மா, கவலையே வேண்டாம்.'"

உடனே கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம், புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வேடிக்கை காட்டுகிறார்கள் என்று கூட்டம் நினைத்துவிட்டது! பார்த்தீர்களா அதிர்ஷ்டத்தை? ஒரே ஒரு சிரிப்பு, ஒரு கண்சிமிட்டல், "எப்படி எங்க ஏற்பாடு?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், தப்பித்துவிடலாம். நம்மவரின் வாய் சிரிக்கத் தயாராகிவிட்டது. கண்ணைச் சிமிட்டத் திரும்பினார். மனைவி அழைப்பிதழை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மைக்குக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"மிச்சத்தை நான் படிக்கமாட்டேன். அது எனக்கு எழுதினது."

இரும்புக் கதவு விற்றவருக்குள் ஏதோ சுவர் இடிந்தது. மைக்கை எடுத்தார். கூட்டம் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது நாடகம் இல்லைங்க. நிஜமாவே உடைச்சுட்டாங்க. ரெண்டாவது வரியை நானே சொல்றேன்." தொண்டையைச் செருமினார். "'இது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே தெரியாது. மாப்பிள்ளை சொன்னது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வீட்டில் கேட்டபோது பதில் தெரியாமல்தான் கோபப்பட்டேன். தப்பு என்னுடையது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.'"

சிரித்தார்களா, தட்டினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் எழுந்தது. மருமகன் கணினி மேஜைக்குப் பின்னால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். "ஏழு தடவை மாத்தினாங்களே, எப்படி முடிஞ்சுது?" என்று கண்ணாடி இளைஞர் எழுந்து கேட்டார். "ஏழு சட்டையை ஒண்ணுமேல ஒண்ணா மாட்டினாலும் உள்ள ஒரே ஆள்தானே தம்பி," என்றார் புரொபசரம்மா. "ஒரு எழுத்துக்கு எப்பவும் ஒரே வேஷம்னா, எத்தனை தடவை மாத்தினா என்ன?"

டாக்டரம்மா பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார். "தெரியாதுன்னு வாய்விட்டுச் சொல்ற ஒரு வியாபாரியை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்று கையைக் குலுக்கினார். நம்மவர் முகம் மலர்ந்தது. "ஆனா இதை வாங்கமாட்டேன்" என்றார். மலர்ந்தது அப்படியே நின்றது.

மோட்டார் சைக்கிள் பரிசு வீட்டுக்கே வந்தது. புரொபசரம்மா இப்போது அதில்தான் கல்லூரிக்குப் போகிறார். பின்னால் உட்கார்ந்து போகும் நாட்களில் கேரண்டிக்காரர் மூடிய கண்ணைத் திறப்பதில்லை.

ஏழுகடலும் செத்துப்போகவில்லை. மருமகன் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு, உலகமெல்லாம் அறிந்த முறை ஒன்றை வைத்து மறுபடி கட்டினான். வெளியாட்களைக் கூப்பிட்டு, குடைந்து பாருங்கள் என்று கையில் கொடுத்தான். அவர்கள் குடைந்தார்கள், ஓட்டைகள் சொன்னார்கள், அடைத்தான், மறுபடி குடைந்தார்கள். கடைசியில், 'எங்களுக்குத் தெரிந்தவரை, இதுவரை வேறு தவறு தென்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, இரண்டாம் பேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார். நம்மவருக்குத்தான் அந்த வரி தொண்டையில் முள்ளாக நின்றது. 'எங்களுக்குத் தெரிந்தவரை' என்றும் 'இதுவரை' என்றும் ஒரே வாக்கியத்தில் வைத்துக்கொண்டு மனிதன் எப்படி வியாபாரம் செய்வது? இப்போதும் புது வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நின்று கையை விரித்து, "எந்தக் கொம்பனாலயும்..." என்று ஆரம்பிக்கிறார். மருமகன் இருமுகிறான். "...இதுவரை" என்று கஷாயம் விழுங்குகிற முகத்தோடு முடிக்கிறார். பாவம், முன்னேற்றம்தான்.

நீங்கள் நன்றாகச் சிரித்திருப்பீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே உள்ளுக்குள் ஒரு குரல், "நானா இருந்தா அந்த ஆள் வாயைத் திறந்ததுமே பிடிச்சிருப்பேன், என்னையெல்லாம் எவனாலயும் ஏமாத்த முடியாது" என்று மெதுவாகச் சொல்லியிருக்குமே? இல்லை என்று அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எவனாலும் முடியாதா? ஒருத்தனாலும்? எத்தனை பெரிய கேரண்டி பாருங்கள், அதுவும் நீங்களே உங்களுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டது! இனிமேல் அந்தக் குரல் கேட்டால் மட்டும் சட்டென்று கையால் பையைத் தொட்டுப் பாருங்கள். ஏனென்றால் உலகத்தில் எதையும் மிகச் சுலபமாக விற்கத் தகுந்த ஆள், தன்னிடம் எவனும் எதையும் விற்க முடியாது என்று நம்புகிறவர்தான்.